மூட்டுத் தேய்மானம்: முடங்கியிருத்தல் மருந்தாகாது
(ஜமாஅத் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

 

நம் பள்ளியில் நாற்காலிகள் ஆண்டுதோறும் பெருகி வருவதைக் காண்கிறோம். ஸஜ்தா செய்ய இயலாதோர் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளித்துள்ளது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால், முழங்கால் வலி வந்ததும் பள்ளிக்கு நடந்து வருவதையே நிறுத்திவிடுகிறோமே, அது குறித்தே இன்று பேச விழைகிறோம்.

'தேய்மானம்' என்னும் சொல் நம்மைத் தவறாக எண்ணச் செய்கிறது. தேயும் பொருளைப் பயன்படுத்தாமல் வைத்தால் மிஞ்சும் என்று கருதுகிறோம். மூட்டு அத்தகையதன்று. எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. அதற்கு அசைவு வேண்டும். முடங்கினால் தொடைத் தசையும் மெலிந்து, வலி மேலும் மிகுகிறது.

எனவே, நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி இறக்குவோம். இரு கால்களுக்கும் 10 முறை செய்வோம். சமதரையில் இயன்றவரை நடப்போம். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

ஆயுர்வேதம் இந்நோயைச் 'சந்திகத வாதம்' என்கிறது. வாதம் மிகுந்து மூட்டின் நெய்ப்பு வற்றுவதே காரணம் என்பது அதன் கருத்து. ஆகவே தைலம் தேய்த்தல், ஒற்றடம், ஜானு வஸ்தி ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. உளுந்து மாவால் முழங்கால்மீது வரம்பு கட்டி, அதனுள் இளஞ்சூடான தைலத்தை நிறுத்துவதே ஜானு வஸ்தி. இவை வலியையும் இறுக்கத்தையும் தணிக்க உதவலாம். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதாக எவரேனும் உறுதி கூறினால் நம்ப வேண்டாம். ஆங்கில மருத்துவத்திலும் அதற்கு உறுதியான மருந்து இன்றில்லை.

பெயர்ச்சீட்டு இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. இரண்டே நாளில் வலி பறந்தால் மகிழாமல் ஐயுறுவோம். வலி மாத்திரைகளை நாமாக வாங்கி நாள்தோறும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். காலை இறுக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு சிவந்து காய்ச்சல் கண்டாலோ, அது வேறு நோயாக இருக்கலாம். தாமதியாது மருத்துவரை அணுகுவோம்.

இறுதியாக ஒன்று. 50 வயதைக் கடந்த பெண்களையே இந்நோய் மிகுதியும் வாட்டுகிறது. குந்தி அமர்ந்து வீட்டு வேலை செய்யும் நம் தாய்மாரும் துணைவியரும் வலியைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இன்று வீடு திரும்பியதும் கேட்போம். அடுப்படியில் உயரமான இருக்கை ஒன்று போட்டுத் தருவோம். மாலையில் நடைக்கு உடன் அழைத்துச் செல்வோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நலமான வாழ்வை அருள்வானாக! ஆமீன்.