கேலிச்சித்திரத்திற்குப் பதினோரு ஆண்டு



நாம் கூடியிருக்கும் இந்த சால்ட் லேக்கின் கருணாமயியில், 2022 அக்டோபர் 20 நள்ளிரவில், பணி கோரி உண்ணாவிரதமிருந்த ஆசிரியர் தகுதித் தேர்வர்களைக் காவல்துறை தூக்கிச் சென்றது. காட்டப்பட்ட காரணம் 144 தடையுத்தரவு. அதிகாரிகள்மீது வழக்குத் தொடுக்கலாமே என்போர் அம்பிகேஷ் மகாபாத்ராவின் கதையை அறிய வேண்டும்.

ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியரான அவர், தாம் வசித்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் மின்னஞ்சல் வழியே முதல்வர் மம்தா பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றை அனுப்பினார். 2012 ஏப்ரலில் தாக்கப்பட்டவரும் அவரே, கைதானவரும் அவரே! ரூ.50,000 இழப்பீடும், காவலர்கள்மீது துறை நடவடிக்கையும் வேண்டுமென்று மாநில மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. 2015 மார்ச்சில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அவர்மீதான வழக்கோ 2023 ஜனவரி வரை நீண்டது.

அரசால் மட்டுமே நீக்கத்தக்க அதிகாரிக்கு இந்த அலைச்சல் இல்லை. கடமையின் பேரில் அவர் இழைத்த குற்றத்தை, அரசின் முன்அனுமதியின்றி நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க இயலாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆவது பிரிவு. இன்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218. 120 நாட்களுக்குள் முடிவெடுக்காவிடில் அனுமதி தரப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பதே புதிது. 119ஆம் நாள் மறுத்துவிட்டால்? ஏவியவரிடமே அனுமதி கேட்கும் இந்த ஏற்பாடு நீக்கப்பட வேண்டும். அந்த முடிவை நீதிமன்றமே எடுக்கட்டும் என்று கோருகிறோம்.