தூமேயோவின் வாக்கு

பிறப்பால் வரும் பெருமையையும் கையால் சேர்த்த பணத்தையும் எதிரெதிரே நிறுத்திய சரித்திர நாவல்கள் பல. அவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது ‘தி லெப்பர்ட்’ என்ற இத்தாலிய நாவல். எழுதியவர் ஜுசெப்பே தொமாசி தி லம்பெடூசா. அவரே சிசிலித் தீவின் பழைய பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பலெர்மோ நகரில் இருந்த அவர்களது மாளிகை 1943இல் குண்டுவீச்சில் இடிந்தது. 1957இல் அவர் கண்மூடினார். நாவல் அதற்கடுத்த ஆண்டுதான் அச்சேறியது.

கதை 1860இல் தொடங்குகிறது. இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டியின் படை மர்சாலா துறைமுகத்தில் இறங்குகிறது. சிசிலியை ஆண்ட பூர்போன் அரசு சரிகிறது. சலீனா பிரபு குடும்பத்தின் தலைவர் ஃபப்ரீசியோ வானத்து விண்மீன்களை ஆராய்கிறவர். வீட்டுக் கணக்குப் பார்க்கப் பிடிக்காதவர். பரம்பரை நிலம் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. அவருடைய கிராமமான தோன்னாஃபுகாத்தாவில் ஊர்த் தலைவராக இருப்பவர் கலோஜெரோ செதாரா. தானியம் வாங்கி விற்று, நிலம் வளைத்துப் பெரும் பணக்காரரானவர்.

பிரபுவின் வீட்டு விருந்துக்கு செதாரா வரும் காட்சியைக் கேளுங்கள். ஊர்க்காரர்களிடம் மாலை உடுப்பு இருக்காது, அவர்கள் கூசக்கூடாது என்று பிரபு சாதாரண உடையில் காத்திருக்கிறார். செதாராவோ வால் வைத்த கறுப்புக் கோட்டு அணிந்து படியேறி வருகிறார். துணி உயர்ந்தது, தையல் மோசம். கரிபால்டி கரையிறங்கிய செய்தி கேட்டபோதுகூட அவ்வளவு அதிராத பிரபு, இந்தக் கோட்டு பற்றிய செய்தியைக் கேட்டு அதிர்ந்துபோகிறார். தோற்றுவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கிறது.

செதாராவை லம்பெடூசா வெறும் பேராசைக்காரராக எழுதிவிடவில்லை. பிரபு மாதக்கணக்கில் விழி பிதுங்கி நின்ற சிக்கல்களை அவர் ஒரு பேச்சில் அவிழ்த்துவிடுகிறார். பழகப் பழக அவருடைய அறிவின்மேல் பிரபுவுக்கே மதிப்பு வருகிறது. ஆனால் அந்த யோசனைகளின்படி நடக்க நடக்க, தலைமுறையாய் அண்டி வாழ்ந்தவர்களிடம் சலீனா குடும்பத்துக்குக் கஞ்சப் பெயர் வந்து சேர்கிறது. மறுபுறம் செதாரா ஒழுங்காக முகம் மழிக்கவும், சத்தமில்லாமல் சாப்பிடவும் கற்றுக்கொள்கிறார். ஒருவர் நோய் மற்றவரைத் தொற்றுகிறது. ஒருவர் நளினமும் மற்றவரைத் தொற்றுகிறது.

பிரபுவின் மருமகன், அதாவது சகோதரியின் மகன், தான்க்ரேதி. அழகன், கெட்டிக்காரன், ஆனால் தகப்பன் சொத்தை அழித்துவிட்டுப் போனதால் ஏழையானவன். செதாராவின் மகள் ஆஞ்செலிகாவைக் கட்ட விரும்புகிறான். பெண்ணுக்கு என்ன தருவேன் என்று செதாரா அடுக்குகிறார்: பெரும் பண்ணை, திராட்சை, ஒலிவத் தோட்டங்கள், ஆயிரம் பொற்காசுகள் கொண்ட மூட்டைகள் இருபது. அத்தனையும் சொல்லி முடித்தவர், எங்கள் குடும்பமும் பழைய பிரபுக் குடும்பம்தான், பத்திரத்தில் ஓர் இணைப்பு மட்டும் குறைகிறது என்கிறார். சொந்தக் கையால் உயர்ந்ததைப் பெருமையாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இந்த இடம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆயினும் நாவலின் உயிர் பிரபுவிடமும் இல்லை, செதாராவிடமும் இல்லை. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஏழை சிச்சோ தூமேயோவிடம் இருக்கிறது என்பேன். சிசிலி புதிய இத்தாலியில் சேரலாமா என்று 1860 அக்டோபரில் வாக்கெடுப்பு. ஆம் என்று போடுங்கள் என்றுதான் பிரபுவே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். பழைய பூர்போன் அரச குடும்பம் கொடுத்த உதவியால் சங்கீதம் படித்தவர் தூமேயோ. நன்றி மறக்க மனமில்லாமல் ‘இல்லை’ என்று வாக்களிக்கிறார். செதாரா அறிவித்த முடிவு இது: வாக்களித்தோர் 512, ஆம் 512, இல்லை பூஜ்யம். வேட்டைக்குப் போன இடத்தில் இதை பிரபுவிடம் சொல்லிக் குமுறுகிறார் அந்த மனிதர். அவருடைய வாழ்நாளில் யாரும் கருத்துக் கேட்ட ஒரே நாள் அது.

அதே தூமேயோதான் தான்க்ரேதி, ஆஞ்செலிகா திருமணப் பேச்சைக் கேட்டு, சலீனா குலமே முடிந்தது என்று அலறுகிறார். பிரபுவைவிட அவருக்குத்தான் குலப்பெருமையில் பிடிப்பு அதிகம். விஷயம் வெளியே போய்விடக்கூடாது என்று, பெண் கேட்டு முடியும்வரை பிரபு அவரைத் துப்பாக்கி அறையில் நாய்களோடு அடைத்துப் பூட்டுகிறார். செதாரா அவர் வாக்கைத் திருடினார். அவர் போற்றிய பிரபு அவரையே பூட்டினார். பணமும் பரம்பரையும் பேசி முடிவுக்கு வருகிற நேரத்தில், இடையில் நின்றவன் கதி அதுதான்.

கடைசி அத்தியாயம் 1910இல் நடக்கிறது. கரிபால்டி வந்து ஐம்பது ஆண்டு நிறைவதைக் கொண்டாட ஏற்பாடு. ஏற்பாட்டில் முன்னிற்பவர் விதவையாகிவிட்ட ஆஞ்செலிகா. பிரபுவின் பேரன் ஊர்வலத்தில் ‘சலீனா’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பான் என்று மகிழ்ந்து சொல்கிறார் செதாராவின் மகள்.