நுரைப்பூச்சியின் சாதியும் அது வாழும் நாடும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மாரி மழை தொடங்கியபின் வரம்புப் புல்லிலும் வேலியோரச் செடிகளிலும் யாரோ உமிழ்ந்துவிட்டுப் போனாற்போல வெண்ணுரை காணப்படுவதுண்டு. அதைக் கண்டதும் தெளிகருவியைத் தோளில் ஏற்றுவோரும் நம்மிடையே உளர். அந்நுரைக்குள் இருப்பது யாது, எந்நாட்டில் அது பயிருக்குப் பகையாகும், எந்நாட்டில் ஆகாது என்பவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நுரையை ஈர்க்கினால் விலக்கிப் பார்ப்பின், உள்ளே மென்மையான இளம்பூச்சியொன்று தலை கீழாக அமர்ந்திருக்கும். வேரிலிருந்து நீர் மேலேறும் பகுதியைக் காழ் என்பர். இப்பூச்சி அக்காழின் நீரையே உறிஞ்சுகிறது. அந்நீரில் உணவு மிகச் சொற்பமாதலால் பெருமளவு குடித்துப் பெருமளவு கழிக்க வேண்டியதாகிறது. கழிநீருடன் பசைப்பொருளொன்றைக் கலந்து, அதனுட் காற்றையும் ஊதி, நுரையாக்கிப் போர்த்துக்கொள்ளும். உடல் உலராதிருப்பதற்கும் எதிரிகளின் கண்ணிற் படாதிருப்பதற்கும் அதுவே அதன் வீடு. சிறகு முற்றியதும் நுரையை நீங்கித் தாவித் திரியும்.

நெல்லை எரித்துவிடும் கபில நிறத் தத்தி, அதாவது பல இடங்களில் அறக்கொட்டி எனப்படுவது, இதற்குத் தூரத்துச் சுற்றமேயாயினும் நுரை கட்டுவதில்லை. அது நெற்புதரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாய் இருந்து சாற்றை உறிஞ்சும். தத்தியைத் தின்னும் சிலந்திகள் வரம்புப் புல்லிலேதான் தங்குகின்றன. வரம்பு நுரைக்கு அஞ்சி நஞ்சு தெளித்தால் மடிவன அச்சிலந்திகளே. நுரைக்குள் இருப்பதன்மீது நஞ்சு எளிதிற் படுவதுமில்லை.

இனி, நுரைப்பூச்சி முழுவதும் தீங்கற்றதோ எனின், அன்று. அது எந்தச் சாதி, எந்த நாட்டது என்பதைப் பொறுத்தது. நெருங்கிய இனங்கள் பலவற்றைச் சேர்த்து உயிரியலார் ஒரு சாதி என்பர். அமெரிக்காவின் வெப்ப நாடுகளில் ஈனியோலேமியா என்றொரு சாதியுண்டு. மெக்சிக்கோவிலிருந்து மத்திய அமெரிக்கா ஊடாகக் கொலம்பியா, வெனிசுவேலா, கயானா, திரினிடாட், வடகிழக்குப் பிறேசில் வரை இது பரந்துள்ளது. முன்னர் இவையும் வேறு பலவும் தொமாஸ்பிஸ் எனும் ஒரே சாதிப் பெயரில் அடைக்கப்பட்டிருந்தன. 1949 ஆம் ஆண்டில் பென்னா எனும் அறிஞரே ஈனியோலேமியாவைத் தனிச் சாதியாக வகுத்தார். இவை கருமையான அல்லது கபிலமான உடலில் மஞ்சள், செம்மஞ்சள் பட்டிகள் கொண்டவை. ஆயினும் ஒரே இனத்துள்ளும் நிறம் மாறுமாதலால் நிறத்தை நம்பி இனத்தைத் துணிய இயலாது. ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பையே அறிஞர் நோக்குகின்றனர்.

திரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களை இச்சாதிப் பூச்சி பெரிதும் வாட்டியது. இளம்பூச்சி வேரிலிருந்து உறிஞ்சுவதோடு, வளர்ந்த பூச்சி இலையைக் குத்தும்போது நச்சு உமிழ்நீரையும் செலுத்துவதால் இலை கோடுகோடாகக் காய்ந்து தோட்டமே தீய்ந்தாற்போலாகும். முட்டையை அது புல்லின் அடியிலும் மண்ணிலும் இடும். வறட்சிக் காலம் முழுவதும் அம்முட்டை உறங்கிக் கிடந்து, மழை வந்ததும் ஒருங்கே பொரிக்கும்.

இங்கே கருதத்தக்கதொன்றுண்டு. கரும்பு அமெரிக்காவுக்கு உரியதன்று. அது நியூகினித் தீவின் பக்கத்தில் தோன்றியது. கால்நடைக்கென அங்கே பெருந்தரைகளில் விதைக்கப்பட்ட பிறக்கியாரியாப் புல்லோ ஆபிரிக்காவுக்கு உரியது. இவ்விரண்டும் புதிய நாட்டுக்குச் சென்றன. அந்நாட்டுப் புற்களில் வாழ்ந்துவந்த பூச்சி இவற்றின்மீது பாய்ந்தது. பிறேசிலில் மஹனர்வா, டியோயிஸ் எனும் வேறு சாதிகளும் இவ்வாறே செய்தன. பிறக்கியாரியாவில் டியோயிஸைத் தாங்கும் மறண்டு எனும் வகையை அங்கே 1984 இல் வெளியிட்டனர்; ஆயினும் மஹனர்வாச் சாதி அதையும் தாக்கிற்று. ஒரு சாதிக்குத் தாங்கும் புல் மற்றொன்றுக்குத் தாங்காது என்பதை அவர்கள் பொருட்செலவோடு அறிந்தனர்.

ஆசியாவிலே நெல்லைத் தாக்கும் நுரைப்பூச்சி கலிற்றெற்றிக்ஸ் எனும் சாதியைச் சேர்ந்தது. அது தென்சீனம், வடகிழக்கு இந்தியா, பர்மா ஆகிய பக்கங்களில் உள்ளது. நமது வரம்பிற் காணப்படுவன பெரும்பாலும் குளோவியா போன்ற வேறு குடும்பத்துச் சாதிகள். இவை இங்கே நெல்லுக்குக் குறிப்பிடத்தக்க பீடையாகக் கொள்ளப்படுவதில்லை.

நமது தென்னந்தோட்டங்களின் கீழும் பிறக்கியாரியா வளர்கிறது. கரும்பும் இந்நாட்டிற் பயிராகிறது. ஆதலின், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் நல்ல புல்லின் வேர்த்துண்டு கொண்டுவரச் சொல்லுதல் ஆகாது. வேரோடு ஒட்டிய சிறிது மண்ணில் உறங்கும் முட்டை கண்ணுக்குத் தெரியாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே உள்ளது. தேவையான புல்லைத் திணைக்களத்தின் வாயிலாகக் கேளுங்கள்.

வரம்பு நுரையை விட்டுவிடுங்கள். புற்றரையிலோ கரும்பிலோ வட்டவட்டமாகக் காய்ந்து, அடியில் நுரையும் அருகே பட்டியிட்ட தாவும் பூச்சியும் காணப்படின், நான்கைந்தைச் சிறு போத்தலில் சாராயமூற்றி இட்டு, ஊரும் பயிரும் நாளும் எழுதி, உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் சேர்ப்பியுங்கள்.