கொன்றவர் எவர்? கண்காணிப்பும் மொழிபெயர்ப்பும்



இணையத்தில் வன்முறை இயக்கங்கள் எழுதுவனவற்றை அரசுகள் மட்டும் கண்காணிப்பதில்லை; தனியார் குழுக்களும் கண்காணிக்கின்றன. ஈராக்கில் பிறந்த ரீத்தா காட்ஸ் 2002இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சைட்' அவற்றுள் ஒன்று. இஸ்ரேலிய இராணுவ உளவுத்துறையில் பணியாற்றிய யிகால் கார்மோன் 1998இல் நிறுவிய 'மெம்ரி' அரபு ஊடகங்களை மொழிபெயர்த்து வெளியிடுகிறது. இவர்கள் பணியை உளவு என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆயின் அதில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பே. அதனால்தான் மொழியியலாரும் இதில் வாய்திறக்க வேண்டியுள்ளது.

அரபியில் 'கதலனா' என்றால் 'அவன் எங்களைக் கொன்றான்'. 'கதல்னா' என்றால் 'நாங்கள் கொன்றோம்'. வேறுபாடு ஓர் உயிர்க்குறில் மட்டுமே. வழக்கமான எழுத்தில் அக்குறிலுக்குக் குறியிடுவதில்லை. எனவே எழுதப்பட்ட வடிவில் இரண்டும் ஒன்றே. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே சொல்லுள் நிற்கின்றனர்!

இதைக் கேட்டு நாம் வியக்கத் தேவையில்லை. 'புலிகொல் யானை' நம் இலக்கண வகுப்புகளில் பழகிய எடுத்துக்காட்டுத்தான். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் இத்தகைய தொடரை வேற்றுமை மயங்கியலில் எடுத்துப் பேசுகிறது. இரு வேற்றுமைக்கும் இடமுண்டு என்கிறது. முன்பின் வரும் செய்தி கொண்டு உணர்வோர் தெளிவர் என்றும் வழிகாட்டுகிறது.

முன்பின் பாராது ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்தால் என்னாகும்? 2007இல் காசாவின் அல் அக்ஸா தொலைக்காட்சியில் வந்த சிறுவர் நிகழ்ச்சி ஒன்றை மெம்ரி மொழிபெயர்த்தது. அதில் ஒரு சிறுமியின் கூற்று, 'நாங்கள் யூதர்களை அழிப்போம்' என்ற பொருளில் வந்தது. சி.என்.என். நிறுவனத்தின் அரபு வல்லுநரோ, 'யூதர்கள் எங்களைச் சுடுகிறார்கள்' என்பதே அதன் பொருள் என்றார். வினையோடு ஒட்டிய 'நா' இங்குச் செயப்படுபொருள் என்பதே அவர் கூற்றின் அடிப்படை. மெம்ரி தன் பொருளை விட்டுக்கொடுக்கவில்லை. அந்நிகழ்ச்சியின் பிற பகுதிகளில் வன்முறைப் போதனை இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒரு குழந்தையின் அச்சத்தை அச்சுறுத்தலாக எழுதிவிட்டால், அதைத் திருத்தும் கடமை இலக்கணத்துக்கு உண்டு.

ஒன்றை மறந்துவிடலாகாது. மூல ஒலி பலர் செவிக்கும் எட்டியதால்தான் அவ்வழக்கு எழுந்தது. சந்தா செலுத்துவோர்க்கு மட்டும் செல்லும் அறிக்கையில் அவ்வாய்ப்பு இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் பொதுவில் வைக்க இயலுமா? இயலாது. 2007 செப்டம்பரில் பின் லேடனின் காணொளியை, அல்காயிதா வெளியிடுமுன்பே சைட் பெற்று, இரகசியம் காக்குமாறு வேண்டி வெள்ளை மாளிகை அதிகாரிகளிடம் அளித்தது. சில மணி நேரத்துள் அது தொலைக்காட்சிகளை எட்டிவிட்டது. பல்லாண்டு முயன்று அமைத்த நுழைவழிகள் அடைபட்டன என்று காட்ஸ் குறைகூறினார். அக்குறையில் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம்.

வழியை மறைப்பது வேறு. சொல்லை மறைப்பது வேறு. எந்த வழியாகப் பெற்றோம் என்பதைக் கூற வேண்டியதில்லை. ஆயின் மூலத்தொடரையும், அது எந்த வட்டார வழக்கு என்பதையும், வேறு பொருளுக்கு இடமிருப்பின் அதனையும் மொழிபெயர்ப்பின் அருகிலேயே தரலாம். நம் உரையாசிரியர்கள் பாடவேறுபாட்டைக் காட்டிச் சென்றது போன்ற எளிய பணிதான் அது. அவ்வறிக்கையைப் படித்து ஒருவரைத் தடுத்துவைக்கக் கையொப்பமிடும் அதிகாரிக்கு அரபி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.