துணை மருத்துவக் கல்வி: செலவும் தொழில் வாய்ப்பும்

(நோர்பரியில் நடைபெற்ற பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவ பீடத்தில் இடம் கிடைக்காவிடின் பிள்ளையின் எதிர்காலமே முடிந்தது என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்திலிருந்து நம்முடனேயே விமானம் ஏறி வந்ததாகும். இயன்மருத்துவம், கதிர்ப்படவியல், தொழில்வழிச் சிகிச்சை, பேச்சு மொழிச் சிகிச்சை ஆகியன நம் வீடுகளில் இரண்டாந்தரமாகவே பேசப்படுகின்றன.

இங்கிலாந்தில் இத்துறை மாணவர்களின் கட்டணத்தை முன்னர் தேசிய சுகாதார சேவையே ஏற்றது. 2017 ஆகஸ்ட் முதல் சேர்ந்தோருக்கு அது கடனாக மாறியது. 2025-26இல் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண்கள். மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 28,600. இதைக் கேட்டவுடன் சீட்டுக் கட்டவும் வீட்டை ஈடு வைக்கவும் முனைவோர் உளர். அதற்கு அவசியமில்லை. 2023 ஆகஸ்டுக்குப் பின் படிப்பைத் தொடங்கியோர், வருமானம் 25,000 பவுண்களைத் தாண்டினால் மட்டுமே, தாண்டிய பகுதியில் 9 சதவீதம் செலுத்துவர். சுகாதார சேவையில் ஐந்தாம் படிநிலையின் தொடக்கச் சம்பளம், இலண்டன் மேலதிகப்படி நீங்கலாக, 2025-26இல் 31,049 பவுண்கள். கணக்கிட்டால் மாதம் 45 பவுண்கள் அளவில் கழியும். 40 ஆண்டுகளின் பின் எஞ்சுவது தள்ளுபடியாகும். அத்துடன், திருப்பிச் செலுத்த வேண்டாத 5,000 பவுண்கள் ஆண்டுதோறும் கிடைக்கும். அகதி அந்தஸ்துப் பெற்றோரும் இக்கடனுக்கு உரித்துடையர். தஞ்சக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருப்போர்க்குப் பொதுவாக அது இல்லை.

உண்மையான சுமை வேறிடத்தில் உள்ளது. தொழில்வழிச் சிகிச்சை மாணவர் குறைந்தது 1,000 மணிநேரம் களப்பயிற்சி பெறவேண்டும். அக்காலத்தில் கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ பகுதிநேர வேலை பார்ப்பது அரிது. பிள்ளையின் உழைப்பை நம்பியுள்ள குடும்பங்கள் இதை முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். வேலை செய்தவாறே சம்பளத்துடன் பட்டம் பெறும் தொழிற்பயிலுநர் முறையும் உண்டு. அதில் கட்டணம் மாணவரைச் சாராது. ஆனால் இடங்கள் சிலவே.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'சுகாதார விஞ்ஞானம்' என்ற பெயருடைய பட்டமெல்லாம் தொழிலுக்கு இட்டுச் செல்வதில்லை. சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தின் அங்கீகாரம் அப்பாடநெறிக்கு உண்டா என அதன் இணையத்தளத்தில் பாருங்கள். மன்றத்தில் பதிவு பெறாதவர் தம்மை இயன்மருத்துவர் என அழைப்பதே சட்டவிரோதம்.

பட்டம் பெற்றவுடன் வேலை உறுதி என்று கூறவும் மாட்டேன். 2025 ஆகஸ்டில் அரசு அறிவித்த பட்டதாரி உத்தரவாதம் தாதியரையும் மருத்துவிச்சிகளையும் மட்டுமே உள்ளடக்கியது. ஆதலால் இலண்டனுக்கு வெளியேயும் விண்ணப்பிக்கப் பிள்ளைகளை விடுங்கள், பெண் பிள்ளைகளையும்தான்.

பக்கவாதத்தின் பின் கற்ற ஆங்கிலத்தை இழந்து தமிழ் மட்டுமே எஞ்சிய முதியோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குத் தமிழில் பேச்சுப் பயிற்சி அளிக்க யார் இருக்கிறார்கள்?

விண்ணப்பப் படிவங்களுடன் வந்துள்ள மாணவர்கள் முன்மேசைக்கு வரலாம்.