ஓடு நொறுக்கிய சுறா



கெடாவில் கோத்தா கோலா மூடா கடற்கரையில் 'பாசார் பிசிக்' என்றொரு மீன் சந்தை உண்டு. அங்கே ஏலத்தில் கூச்சல் கிடையாது. வாங்க வருபவர் விற்பவரின் காதோடு விலையை முணுமுணுப்பார். சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரத்துத் தமிழர்களுக்குத் தெரிந்த இடம்தான். அப்படிப்பட்ட சந்தையில் திருக்கை மீனின் வாயை விரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சில வகைகளுக்குக் கூரிய பல்லே இல்லை. தரைக்குக் கல் பாவியதுபோல் தட்டையான பற்கள் வரிசையாக இருக்கும். மனிதர் வேக வைத்துத் திறக்கும் கெராங்கை அது பச்சையாகவே நொறுக்கி, ஓட்டைத் துப்பிவிட்டுச் சதையை விழுங்கும்.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்த சுறா ஒன்று இருந்தது. பெயர் டைக்கோடஸ். கிரேக்க மொழியில் 'மடிப்புப் பல்' என்று பொருள். சுவிட்சர்லாந்தில் பிறந்த லூயி அகாசி 1830-களில் இட்ட பெயர் இது. அம்மியைப் புதிதாகக் கொத்தினால் மேலே எப்படி வரி வரியாகத் தெரியுமோ, அப்படித்தான் இதன் பல்லும். கொத்திய அம்மியில்தான் மிளகாய் வழுக்காமல் அரைபடும். வரியோடிய பல்லில்தான் வழவழப்பான ஓடு வழுக்காமல் உடைபடும்.

சுறாவுக்கு எலும்பு கிடையாது; உடல் முழுவதும் குருத்தெலும்பு. செத்தால் அது மக்கிப் போகும். எஞ்சுவது பல். சுறாவுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருப்பதால் அது ஏராளமாகக் கிடைக்கிறது. ஏராளமாகக் கிடைத்தாலும் அது பல் மட்டும்தானே! உடல் எப்படி இருந்தது என்பதற்கு அதில் விடையில்லை. சிப்பி உடைக்கும் பல் என்றதும், கடலடியில் சோம்பிக் கிடந்து சிப்பி பொறுக்கிய சுறா என்று பலர் எண்ணினர். மெக்சிகோவின் வல்லேசில்லோ சுண்ணாம்புக் கல் குழிகளில் கிடைத்த முழு உடல் புதைபடிவங்களை ரோமன் வுல்லோ குழுவினர் ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டனர். அது கடலடியில் படுத்துக் கிடந்த சுறாவே அல்ல. வெள்ளைச் சுறாவின் உறவுக்காரன், நடுக்கடலில் விரைந்து நீந்தியது. நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகளையும் ஆமைகளையும் துரத்தித் தின்றிருக்கலாம் என்கிறார்கள். சில இனங்கள் 10 மீட்டர் அளவுக்கு வளர்ந்தன. இத்தனை காலம் பல்லைப் பார்த்தே ஆளை எடை போட்டிருக்கிறார்கள்!

சரி, கெடாத் தமிழருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்த முன்னோரில் திருச்சி மாவட்டத்தார் பலர். அந்த மாவட்டத்திலிருந்து பின்னாளில் பிரிந்தவையே பெரம்பலூரும் அரியலூரும். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் மண்ணடுக்கில் அம்மோனைட்டுகள் ஏராளம். அந்தக் கடற்படிவங்களிலிருந்து டைக்கோடஸ் பல் ஒன்றை இந்திய ஆய்வாளர்கள் 2012-இல் விவரித்து எழுதினார்கள். தாத்தா ஆடு மேய்த்த ஓடைக்கரை ஒருவேளை இந்தச் சுறா நீந்திய இடமாகக்கூட இருக்கலாம். அந்தச் சீமையின் சுண்ணாம்புக் கல் சிமெண்டு ஆலைகளுக்குப் போகிறது. கல்லோடு எத்தனை பற்கள் அரைபட்டனவோ!

மலேசியாவிலும் ஓடு நொறுக்கும் சுறாப் பல் கிடைத்திருக்கிறது, பகாங்கில். மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட கட்டுரையில் ஹெட்டரோடைக்கோடஸ் என்ற சுறா வருகிறது. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் டைக்கோடஸ் வேறு, இது வேறு. இது கடற்சுறாவும் அல்ல. ஆற்று நீரில் வாழ்ந்தது. இதே இனம் தாய்லாந்திலும் கிடைத்திருப்பதால், இரு நாட்டு ஆறுகளுக்கும் அக்காலத்தில் ஏதோ ஓர் உறவு இருந்திருக்க வேண்டும்.

கெடாவின் கதை இன்னும் பழையது. கூலிம், பாலிங் வட்டாரத்திலும் மாநிலத்தின் வடக்கிலும் செமாங்கோல் பாறையடுக்கு இருக்கிறது. அதன் களிப்பாறையில் டாவோனெல்லா, ஹாலோபியா என்ற மெல்லிய சிப்பிகளின் அச்சுகள் உண்டு. வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல்; டைக்கோடஸ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மடிந்த சிப்பிகள் அவை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகும்போதும் சாலைக்காக மேடு வெட்டப்படும்போதும் இந்தப் பாறை வெளியே வரலாம். உடைத்தால் ஏடுபோல் பிரியும், விசிறி மடிப்புபோல் வரி தெரியும். மழையும் வெயிலும் பட்டபின் அதே பாறை உதிர்ந்து சேறாகும். லாரி வந்து அள்ளிப் பள்ளம் நிரப்பப் போய்விடும்.