மறுபடியும் போய்க் கதவைத் தட்டுகிறவர்கள்

(பண்ருட்டியில் ஒரு கலை அறிவியல் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் மனநல சமூகப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, பின்வரிசையில் சிலர் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மனநோயாளிகளோடும் குடிநோயாளிகளோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கும் சமூகப் பணியாளர். அப்பா நெய்வேலி சுரங்கத்தில் இருந்தார். நகரியத்தில் பள்ளிப் படிப்பையும் பிறகு பட்டப் படிப்பையும் முடித்து எம்.எஸ்.டபிள்யூ. படிக்கச் சென்னைக்குக் கிளம்பியபோது, "அது என்ன படிப்பு, எந்த ஆபீசில் வேலை கொடுப்பான்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இன்று உங்களில் சிலரை வீட்டில் இதே கேள்வி கேட்டிருப்பார்கள். நான் பேசப்போவது அந்த வேலையைப் பற்றித்தான்.

மாணவியாகக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போனேன். 1794-ல் மதராஸில் தொடங்கிய பழைய நிறுவனம் அது. அங்கே எனக்குக் கொடுத்த வேலை, குணமானவர்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுதுவது. "உங்கள் அண்ணன் நலமாக இருக்கிறார், வந்து அழைத்துச் செல்லவும்." பாதிக் கடிதங்கள் முகவரிதாரர் இல்லை என்று திரும்பி வரும். மாத்திரை வேலை செய்திருக்கிறது, மனிதர் தெளிந்துவிட்டார், ஆனால் அவருக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் போய்வர ஆள் இல்லை. நோய் ஒன்று, அந்த இடைவெளி இன்னொன்று என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளராக இருந்து 1978-ல் ஓய்வு பெற்ற டாக்டர் சாரதா மேனன், ஓய்வில் உட்காராமல் 1984-ல் சகாக்களோடு ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியது அந்த இடைவெளியில் இறங்கி வேலை செய்வதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

உங்களில் பலர் பிறப்பதற்குச் சற்று முன்னால், 2001 என்று ஒரு வருடம். ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதே வருடக் கடைசியில் நம் பண்ருட்டிப் பகுதியில் கள்ளச்சாராயம் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடியும் மெத்தனால், அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். ஏர்வாடிக்கும் பண்ருட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மனநோய்க்கு அப்போதே மருந்து உண்டு. குடிநோய்க்கும் சிகிச்சை உண்டு. அந்த வீடுகள் வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. என் வாழ்நாள் முழுக்க நான் சண்டை போட்டது இந்த ஒன்றுக்காகத்தான்.

2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை இல்லை. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த போதைப் பழக்கக் கணக்கெடுப்பு இன்னும் மோசம்: குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மிச்சம் 37 பேர் எங்கே? உங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்களில் யாருக்காவது அப்பாவாக இருக்கலாம். அது உங்கள் வெட்கம் இல்லை, நோய். அதை இந்த மேடையிலிருந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றுதான் வந்தேன்.

இப்போது ஒரு கதை. சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு களப்பணியாளர் இருக்கிறார். பிளஸ் டூ படித்தவர். எங்களிடம் வருவதற்கு முன்னால் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். இங்கே இருக்கும் தாய்மார்கள் பலருக்கு அந்தக் கை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காடாம்புலியூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு இளைஞர். காதில் யாரோ பேசிக்கொண்டே இருப்பார்கள், திட்டுவார்கள். ராத்திரி தூங்க முடியாது. ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் குரல் அடங்கும், இரண்டு மணி நேரம் தூக்கம் வரும். ஊர் அவரைக் குடிகாரன் என்றது. கயிறு கட்டினார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கி வந்தார்கள். கொஞ்ச நாள் சரியாக இருந்தார், பிறகு பழையபடி ஆகிவிட்டார்.

எங்கள் ஊழியர் போனபோது அந்தப் பையன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஊழியர் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்க ஆரம்பித்தார். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. ஒரு நாள் கதவு திறந்தது. "நீ யாரு, எங்க வீட்டுக்கு எதுக்கு வந்துக்கிட்டே இருக்க?" "அம்மாவுக்கு ஒத்தாசைக்கு வந்தேன் தம்பி. நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான் பேச்சு.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான் என்று அம்மா அட்டையைக் காட்டினார். பத்துக் குழியும் காலி. நானாக இருந்தால் நோட்டில் 'சரி' என்று குறித்துக்கொண்டு வந்திருப்பேன். எங்கள் ஊழியர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தினம் ஒன்றாகப் பிதுக்கிய அட்டை பத்து நாளில் கசங்கி மடங்கிப் போகும். இது மினுமினுவென்று தட்டையாக இருந்தது. ஒரே மூச்சில் பிதுக்கியிருக்கிறான். எடுத்த மாத்திரை மாட்டுக் கொட்டகைக் கூரைக் கீற்றுக்குள் இருந்தது. அப்போதும் அவர் திட்டவில்லை. "மாத்திரை போட்டா உடம்புக்கு என்ன பண்ணுது தம்பி?" என்று கேட்டார். பையன் அழுதுவிட்டான். "கை நடுங்குதுக்கா. வாயில எச்சி வடியுது. டீக்கடையில பசங்க சிரிக்கிறாங்க."

அவன் மருந்தை நிறுத்தியதற்குக் காரணம் அந்த ஒரு வரியில் இருந்தது. மருத்துவமனை வரிசையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அந்த வரி வெளியே வராது. அது வர ஒருத்தி பல வாரம் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை உடைக்க வேண்டியிருந்தது. டாக்டரிடம் சொன்னோம், மருந்தை மாற்றினார், நடுக்கம் நின்றது. குரல்கள் குறைந்த பிறகு குடிக்கான சிகிச்சையையும் சேர்த்து ஆரம்பித்தோம். நடுவில் அந்த இளைஞர் மறுபடி குடித்தார். மறுபடியும் ஊழியர் போய்க் கதவைத் தட்டினார். இன்று அந்த இளைஞர் பலாப்பழ சீசனில் மண்டியில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறார். முழுக்கக் குணமா என்றால், மாத்திரை தொடர்கிறது, ஊழியரின் வருகையும் தொடர்கிறது.

இது எங்கள் ஊழியரின் தனித்திறமை மட்டும் இல்லை. கோவாவில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம், மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடியால் பாதிக்கப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஆண்களோடு பேசவைத்தது. அதிகம் போனால் நான்கு சந்திப்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், இந்தப் பேச்சைப் பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். 2017-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. நூற்றில் பத்துக் குடும்பம் கூடுதலாகப் பிழைத்தது என்று நான் அதை வாசிக்கிறேன்.

சாந்தி ரங்கநாதன் என்ற பெயரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டி.டி.கே. தொழில் குடும்பத்து மருமகள், கணவர் குடியால் 1979-ல் இறந்தார். பணக்கார வீட்டிலும் அந்த நோய்க்குப் போக இடம் இல்லாத காலம். மறு ஆண்டே கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கிக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுக்க ஆரம்பித்தார். 1989-ல் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே சிகிச்சை முகாமைக் கொண்டுபோனார். ஊரே சேர்ந்து தாங்கிக்கொள்ளும் முகாம் அது. குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசினார்கள். குடியிலிருந்து மீண்டவர்களும் இந்த வேலைக்குள் வந்தார்கள்.

மீண்டவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீண்ட காலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத பூச்சிகள் கட்டிலில் ஊர்வது தெரியும், உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் நிறுத்தாதீர்கள் என்கிறோம். குடியை நிறுத்த சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி என்று விளம்பரம் வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். குடியை நிறுத்திய மூன்றாம் ராத்திரியில் வார்டில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பூச்சி இல்லண்ணே, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, விடிஞ்சா போயிடும்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். எந்தப் புத்தகம் படித்தாலும் நானோ டாக்டரோ அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. அந்த வழியில் போய்வந்த வார்டு ஊழியர்தான் சொல்ல முடியும்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். தாத்தா வைத்த மரம் ஒரு ராத்திரியில் போய்விட்டால் அடுத்த மரம் காய்க்கும் வரை மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? வீட்டு மூலையில் பூச்சிமருந்து டப்பா இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா, நம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைப்பது. சாகத் தோன்றும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் டப்பா கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும், வழியில் யாராவது ஒருவர் கண்ணில் பட வேண்டும். 2013-ல் இது ஆய்வாக வெளிவந்து உலகம் கவனித்தது. நமக்குள்ளேதான் பலருக்குத் தெரியாது.

குடும்பங்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. அது நடந்த திருவதிகை இங்கேயே இருக்கிறது, திருவாமூரும் பக்கம். சேக்கிழார் சொன்ன திலகவதியார் கதையை எங்கள் பயிற்சி வகுப்பில் நான் தவறாமல் சொல்வேன். சமணரோடு போய்விட்ட தம்பி சூலை நோயில் துடித்து, "வந்து பார்" என்று சமையற்காரரிடம் சொல்லி அனுப்புகிறார். அக்கா போகவில்லை. அந்தச் சமண மடத்துக்கு வர மாட்டேன் என்கிறார். ஆனால் தம்பி ராத்திரியோடு ராத்திரியாகத் தானே வந்து நின்றபோது, "ஏன் போனாய், ஏன் இவ்வளவு காலம் வரவில்லை?" என்று கணக்குக் கேட்கவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போகிறார். குடிநோயாளிகளின் மனைவிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் நாங்கள் இதைத்தான் சொல்கிறோம். குடிப்பவர் பின்னாலேயே ஓடி அவர் கடனை அடைக்காதீர்கள். வந்து நிற்கிற நாளில் கணக்குக் கேட்காதீர்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்வது எவ்வளவு கடினம் என்று அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

என் மனதில் உள்ள ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊழியர்களுக்கு நாம் கொடுக்கும் சம்பளம் வெட்கக்கேடு. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. கட்டடம் கேட்டால் கிடைக்கும், ஆம்புலன்ஸ் கேட்டால் கிடைக்கும், பக்கவாட்டில் பெயர் எழுதலாம். களப்பணியாளருக்குச் சம்பளம் கேட்டால் நிர்வாகச் செலவு என்று கோடு போட்டு அடிக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ப்ராஜெக்ட், மூன்றாம் வருடம் முடிந்ததும் ஊழியர் வீட்டுக்கு. அவர் திண்ணையில் உட்கார்ந்து சம்பாதித்த நம்பிக்கை எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கவும் முடியாது. ஒரு நிதி நிறுத்தத்தின்போது எங்கள் நல்ல ஊழியர்கள் ஒவ்வொருவராகத் துணிக்கடைக்கும் திருப்பூருக்கும் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 2021-லிருந்து மாத்திரை வீடு தேடி வரும் மாநிலம் இது. மனதுக்கும் ஆள் வீடு தேடி வர வேண்டும், நிரந்தரமாக, கௌரவமான சம்பளத்தோடு. வணிகவியல் படித்தவர்களே, நாளை நீங்கள் ஒரு கம்பெனியில் இந்த நிதியைக் கையாளும் மேசையில் உட்கார்ந்தால், அந்தக் கோட்டைப் போடாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இந்த வேலையைத் தொடங்க வயது தடை இல்லை: 1993-ல் சென்னையில் தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காக தி பேனியன் இல்லத்தைத் தொடங்கிய வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் அப்போது இருபதுகளில் இருந்தவர்கள், ஏறக்குறைய உங்கள் வயது.

உங்களுக்கோ நண்பருக்கோ மனம் தாங்காத நேரம் வந்தால் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. குடி, போதைக்கு 14446. ஹாஸ்டல் சுவரில் எழுதி வையுங்கள். யாரையாவது ஒரு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், அது அரசிடம் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017 மனநலச் சட்டப்படி குற்றம்.

அடுத்த மாதம் களப்பணியாளர் பயிற்சி ஆரம்பிக்கிறோம். எந்தப் பட்டமும் சரி. இரண்டு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்தால் நல்லது, பிறர் பேசும்போது குறுக்கே பேசாத பழக்கம் அதைவிட நல்லது. விழா முடிந்ததும் வாசல் பக்கம் வேப்பமரத்தடியில் எங்கள் ஊழியர்கள் இருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள், பெயர் கொடுக்கலாம். நான் சொன்ன கதையில் வந்த அக்காவும் அவர்களில் ஒருவர்.